ரீமுக்கு ஒரு வெள்ளிக்கால்

நாய் என்றால் எனக்கு ஆகாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை மனசு இளகினவள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தெருவில் ஒரு நாய் உரசிவிட்டுப் போனால் வீட்டுக்கு வந்து சேலையைத் தண்ணீரில் முக்கிப் போட்ட பிறகுதான் மறுவேலை பார்ப்பேன். அப்படிப்பட்டவள் நாகூருக்குப் போய், எங்கள் எஜமான் அடங்கியிருக்கிற தர்காவில் நின்று, ஒரு நாய்க்காகக் கையேந்தினேன். ஒரு தடவை தெரியாமல் செய்தேன். இன்னொரு தடவை தெரிந்தே செய்தேன்.

என் வீட்டுக்காரர் மீரா உசேன் மன்னார்குடியில் நெல் வியாபாரம் பார்த்தவர். ஆற்றில் தண்ணீர் வருமா வராதா என்று வருஷா வருஷம் வானத்தையும் மேட்டூரையும் மாறி மாறிப் பார்த்ததில் வியாபாரம் படுத்துப்போனது. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் விசா எடுத்துக் கிளம்பிய காலம் அது. இவரும் சவுதிக்குக் கிளம்பினார். எங்கள் ஒரே மகள் தஹ்மீனா அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். அங்கே ஒரு அரபியின் தோட்டத்தில் முதலில் ஆடு மேய்த்தார், பிறகு தண்ணீர் மோட்டார் பார்த்தார், இடையிடையே லீவில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனார். இதெல்லாம் ஊரில் எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். ரீம் வந்த பிறகுதான் லீவு என்ற பேச்சே இல்லாமல் போனது.

"அரபிகிட்ட ரீம்னு ஒரு பொம்பளப் புள்ள இருக்கு சைத்தூன். இனிமே அதப் பாத்துக்கறதுதான் என் வேல," என்று ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து போனில் சொன்னார். ஆட்டுக்கும் மோட்டாருக்கும் இது எவ்வளவோ மேல் என்று எனக்கும் நிம்மதிதான்.

அன்றிலிருந்து போனை எடுத்தால் ரீம், வைத்தால் ரீம். ரீம் ரொம்ப ஒல்லியாம், விலா எலும்பை எண்ணிவிடலாமாம், ஆனால் சீக்கு ஒன்றும் இல்லையாம், உடம்பு வாகே அப்படியாம். தோல் மெல்லிசு, குளிர் தாங்காது. வெறும் தரையில் படுத்தால் முட்டி தேய்ந்து புண்ணாகிவிடும், அதனால் பஞ்சு மெத்தை. பேரீச்சம்பழம் என்றால் உயிர், ஒட்டகப் பால் குடிக்கும். கத்தாது, அடம் பிடிக்காது, கோபம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடும். எவ்வளவு தூரத்தில் எது அசைந்தாலும் முதலில் பார்ப்பது அதுதான். ஓட ஆரம்பித்துவிட்டால் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. கல் குத்தாமல் இருக்க உள்ளங்காலில் மருதாணி வைத்துவிடுகிறாராம்.

"நீங்களா வச்சு விடறீங்க?"

"நான்தான். வேற யாரையும் கிட்ட விடாது. சோறும் என் கையாலதான். மத்தவங்க குடுத்தா மோந்துகூடப் பாக்காது."

அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. தஹ்மீனாவுக்கு அவர் ஒரு வாய் சோறு ஊட்டியதில்லை, ஊட்டுகிற வயதில் அவர் இங்கே இல்லை. தாயில்லாப் பிள்ளை போலிருக்கிறது, அதனால்தான் இவரிடம் ஒட்டிக்கொண்டது என்று நானே ஒரு கதை கட்டி மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஒரு வாரம் போனில் அவர் குரலே சரியில்லை. ரீமுக்குக் காய்ச்சல், தண்ணீர்கூட இறங்கவில்லை என்றார். "இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன ஆவேன்னு தெரியல," என்றார். மறுநாள் காலையில் நான் நாகூர் பஸ் ஏறிவிட்டேன். அங்கே தர்காவைச் சுற்றியுள்ள கடைகளில் மெல்லிசான வெள்ளித் தகடு விற்பார்கள். கண், கை, வீடு, தொட்டில் என்று எல்லா உருவமும் இருக்கும். யாருக்கு என்ன கோளாறோ அந்த உருவத்தை வாங்கி உண்டியலில் போட்டு வேண்டிக்கொள்வது வழக்கம். நான் ஒரு சின்னப் பெண் உருவம் வாங்கினேன், ரெட்டைச் சடை போட்டது. 'யார் பெத்த புள்ளயோ, பேரு ரீம், காப்பாத்திக் குடுங்க எஜமானே' என்று முந்தானையை ஏந்தி அழுதேன்.

அந்த வாரமே காய்ச்சல் இறங்கிவிட்டது. தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தேன். தஹ்மீனா என்னையும் மிஞ்சிவிட்டாள். அவளுக்குத் தையல் கைவந்த கலை. பச்சை சாட்டினில் ஒரு கவுன், குளிர் தாங்காத பிள்ளை ஆயிற்றே என்று உள்ளே பிளானல் துணி வைத்துத் தைத்தாள். அளவு கேட்டபோது அவள் அத்தா போனில் ரொம்ப நேரம் இழுத்தார். மார்பு அகலம், இடுப்பு சிறுத்திருக்கும், கழுத்து நீளம் என்று சொன்னார்.

"இது புள்ளயா கொக்கா?" என்றாள் தஹ்மீனா. சிரித்துக்கொண்டே வெட்டித் தைத்து, அடுத்த தெரு அப்துல் அஜீஸ் அங்கே போகும்போது கொடுத்தனுப்பினோம். அவன் இவருடைய தோட்டத்துக்குப் பக்கத்தில் லாரி ஓட்டுகிறவன்.

பிறகு தஹ்மீனாவுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை ஃபஹத், திருத்துறைப்பூண்டியில் செல்போன் கடை வைத்திருக்கிறார், தங்கமான பையன், முக்கியமாக வெளிநாட்டுக்குப் போகிற எண்ணம் இல்லாதவர். தஹ்மீனா சேலை கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நிக்காஹ்ல அத்தாதான் அவரோட கையப் பிடிச்சுக் குடுக்கணும். மாமா வேணாம். வேற யாரும் வேணாம்."

எங்களில் நிக்காஹ் ஓதும்போது பெண்ணின் அத்தா எதிரே உட்கார்ந்து மாப்பிள்ளையின் வலது கையைப் பிடித்துக்கொள்வார். அவர் இல்லையென்றால் அவர் சொல்கிற ஒருவர் அவருக்குப் பதில் வக்கீலாக உட்காரலாம், மார்க்கத்தில் தடை ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் பாதிக் கல்யாணம் அப்படித்தான் நடக்கிறது. பெண்ணைப் பெற்றவர் துபாயிலும் ரியாத்திலும் இருப்பார், சித்தப்பாவோ மாமாவோ கையைப் பிடிப்பார்கள். அது தனக்கு வேண்டாம் என்றுதான் என் மகள் சொன்னாள். இதில் என்ன பெரிய ஆசை இருக்கிறது?

பெருநாள் கழிந்து தேதி குறித்து அவரிடம் சொன்னேன்.  

"வர முடியும்னு தோணல சைத்தூன். ரீம் வேற கையில சாப்பிடாது. விட்டா பட்டினி கிடந்து செத்துரும்."

எனக்கு வந்ததே கோபம். "யாரோ பெத்த புள்ளைக்குச் சோறு ஊட்டறதுக்காக நீங்க பெத்த புள்ளயோட கல்யாணத்துக்கு வரமாட்டீங்களா? அந்த வீட்டுல பொம்பளைங்களே இல்லையா? அவங்க கையெல்லாம் என்ன, கட்டியா போட்டுருக்கு?"

"அது அப்படி இல்ல," என்றார். அப்புறம் ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் வைத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில் அப்துல் அஜீஸ் லீவில் வந்து சேர்ந்தான். இவர் கொடுத்தனுப்பிய பார்சலைக் கூடத்தில் வைத்துவிட்டுச் சாயா குடித்துக்கொண்டிருந்தவனிடம், மனசில் இருந்த எரிச்சலோடு கேட்டேன்.

"ஏம்ப்பா, அந்த ரீம் புள்ளைக்கு என்ன வயசு இருக்கும்? ஒரு வாய் தானா எடுத்துச் சாப்பிடத் தெரியாதா?"

அவன் என்னைப் பார்த்தான், தஹ்மீனாவைப் பார்த்தான். "எந்தப் புள்ள?"

"அதான், நாங்க கவுன் தச்சுக் குடுத்தமே."

அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். "அக்கா, அண்ணன் உங்ககிட்ட சொல்லலையா? அது வேட்டை நாய்க்கா. முயலு, மானு பிடிக்கிற ஜாதி. உங்க கவுன மாட்டிக்கிட்டுத்தான் குளிருக்குப் படுத்துக் கிடக்குது. பச்சக் கலரு, நல்லாத்தான் இருக்கு."

தஹ்மீனா அவனோடு சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து உள்ளே போய்விட்டாள்.  ரெட்டைச் சடை போட்ட வெள்ளித் தகடு என் கண்ணுக்குள் நின்றது. அல்லாவே, எதற்காக நான் அழுது தொலைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் அடித்ததும் எடுத்து, "நாய் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. பெருமூச்சு விட்டார். "இங்க அத நாய்னு சொல்லக் கூடாது. சொன்னா அரபிக்கு மூஞ்சி சிவந்துரும். அது ஜாதி பேரு சுலூகி. சுலூகி வேற, நாய் வேறன்னு சொல்லுவான். தன் மெத்தையில பக்கத்துல படுக்க வச்சுக்குவான். நாங்க எல்லாரும் அத 'பின்த்'னுதான் கூப்பிடணும். பின்த்னா பொம்பளப் புள்ள. சொல்லிச் சொல்லி எனக்கும் அதுவே பழகிப்போச்சு."

"நாலு வருஷமாவா பழகுச்சு?"

"முதல்லயே சொல்லியிருக்கணும். நாய் கழுவற வேலன்னு சொல்ல வாய் வரல. அப்புறம் சொல்லிரலாம்னு இருந்தப்ப நீ நாகூருக்குப் போயிட்டு வந்து நிக்கற. அதுக்கு மேல எப்படிச் சொல்றது?"

 திட்டுவதற்கு வாரம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்ததில் ஒன்றையும் எடுக்கவில்லை. தொழுகையெல்லாம் என்ன ஆகிறது என்று மட்டும் கேட்டேன்.

"தொழறேன். ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் முன்னாடி, நாய் எச்சில் போக ஏழு தடவ கையக் கழுவறேன், அதுல ஒரு தடவ மண்ணால. அரபி பாத்துட்டுச் சிரிப்பான். தோலு உரிஞ்சு கை பாக்கற மாதிரி இல்ல சைத்தூன்."

"தேங்கா எண்ணெய் தடவுங்க," என்றேன். 

அப்போதுதான் விஷயத்தை முழுசாகச் சொன்னார். பாஸ்போர்ட் அரபியிடம் இருக்கிறது. அரபி கெட்டவன் இல்லை, ஆனால் அவனுக்கு ரீம் என்றால் உயிர். வேறொருவன் கையால் அது சாப்பிட்டுக் காட்டட்டும், மறுநாளே டிக்கெட் என்கிறான். கூட வேலை பார்க்கிற பெங்காலி கொடுத்தால் அது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இவர் ஒரு நாள் ஒளிந்திருந்து பார்த்தாராம். சாயங்காலம் வரை வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்ததாம். ஏற்கெனவே எலும்பும் தோலுமான உடம்பு, அதில் கரைவதற்கு என்ன இருக்கிறது.

"நான் நல்லாப் பாத்துக்கிட்டதுதான் தப்பாப் போச்சு," என்றார்.

சும்மா உட்கார்ந்து அழுவது என் குணம் இல்லை. ஒரத்தநாட்டில் மாட்டு ஆஸ்பத்திரி டாக்டராக இருக்கும் மலர்க்கொடி எங்கள் பக்கத்து ஊர்ப் பெண். அவள் அப்பா இராஜாங்கம் எங்கள் நெல் மூட்டைகளை லாரியில் ஏற்றியவர். அவர் மகளை டாக்டராக்கினார், நான் என் மகளைத் தையல் மிஷினில் உட்கார வைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மீதே எனக்குக் கோபம் வரும். கன்றுக்குட்டிகளும் ஆடுகளுமாக நின்ற வரிசையில் நான் மட்டும் ஒன்றையும் பிடித்துக்கொள்ளாமல் நின்றேன்.

"வாங்கக்கா. என்ன கொண்டாந்துருக்கீங்க?" என்றாள் மலர்க்கொடி.

"நாய் டாக்டரம்மா. ஆனா அது சவுதியில இருக்கு."

அவளும் சிரித்தாள். ஆனால் முழுசையும் கேட்ட பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். "நம்ம சிப்பிப்பாறை, ராஜபாளையம் மாதிரிதான்க்கா அதுவும். மத்த நாய் மூக்கால தேடும், இந்த ஜாதி கண்ணால தேடும். தூரத்துல ஒண்ணு ஓடுனா போதும், பின்னாலயே போயிரும், அப்புறம் கூப்பிட்டா வராது. ஓட்டம்தான் அதுக்கு உசுரு. ஒரு ஆளத்தான் ஒத்துக்கும். அதட்டுனா மனசு விட்டுரும். அடிச்சு வழிக்குக் கொண்டு வரவே முடியாது."

"அப்ப என் மகளுக்கு அத்தா வர வழியே இல்லையா?"

அவள் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே யோசித்தாள். "கண்ணுதான் அதுக்குப் பெருசு, அப்ப கண்ணத்தான் ஏமாத்திப் பாக்கணும். அந்தப் பெங்காலி உங்க வீட்டுக்காரர் சட்ட, லுங்கி, தொப்பி எல்லாம் போட்டுக்கட்டும். துவைக்காத சட்டயா இருக்கணும். முதல்ல ரெண்டு பேரும் ஒரே தட்டுல கைய வச்சுக் குடுக்கட்டும். அப்புறம் உங்க வீட்டுக்காரர் ஒரு அடி பின்னால போகணும். அப்புறம் இன்னொரு அடி. அவசரப்படக் கூடாது. உறுதியாச் சொல்ல மாட்டேன்க்கா, கண்ணால பாக்காத நாய்க்கு வைத்தியம் சொல்றேன்."

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை என்ற கணக்கெல்லாம் போய்விட்டது. தினம் போன்தான். சவுதியில் ஒரு நாய்க்கு எப்படிச் சோறு வைப்பது என்று மன்னார்குடிச் சமையல்கட்டிலிருந்து நான் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தேன். சட்டையை மாட்டிய பெங்காலியை முதலில் அது சுற்றிச் சுற்றி வந்து பார்த்ததாம், பிறகு திரும்பிப் படுத்துக்கொண்டதாம். இவர் மனசு தாங்காமல் ஓடிப்போய்த் தன் கையால் ஊட்டிவிட்டார்.

"ஏங்க, உங்களுக்கு அறிவிருக்கா? எதுக்கு ஊட்டுனீங்க?"

"கண்ணப் பாத்தேன் சைத்தூன். முடியல."

"பாக்காதீங்க. வெளிய போயி நில்லுங்க. உங்க மகளோட கண்ண நெனச்சுக்கங்க."

 அவர் அதற்குப் பிறகு வெளியே போய் நின்றார். ஒரு நாள் மத்தியானம் நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. பெங்காலி கையால் ஒரு பேரீச்சம்பழம் தின்றுவிட்டதாம். மறுநாள் பாலும் குடித்ததாம். செதிள் ஒட்டிய கையோடு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். யார் வீட்டு நாயோ ஒரு பேரீச்சம்பழம் தின்றதற்கு இப்படி அழுத பொம்பளை உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அரபி வந்து பார்த்து மாஷா அல்லாஹ் என்று சொல்லி, பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்துவிட்டான். நிக்காஹ்வுக்கு இரண்டு நாள் முன்னால் திருச்சியில் வந்து இறங்குகிற மாதிரி டிக்கெட். என் தம்பி சைபுல்லா வேன் பேசி வைத்தான். நான் அவருக்குப் பிடித்த தம்ரூட் இனிப்பு கிளறி வைத்தேன். தஹ்மீனா வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். கல்யாணத்துக்கென்று அவர் புதுச் சட்டையும் பேண்டும் எடுத்திருக்கிறார், அதையே போட்டுக்கொண்டு வரப்போவதாகச் சொன்னார். அந்த வீட்டில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

விமான நிலையத்திலிருந்து வரவேண்டிய போன் தோட்டத்திலிருந்து வந்தது. 

"நான் வரல சைத்தூன்," என்றார்.

பிறகு விட்டு விட்டுச் சொன்னார். பெங்காலி இவருடைய பழைய சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு ரீமைப் பிடித்துக்கொண்டு நின்றான். இவர் புதுச் சட்டையில் இருந்தார். ரீம் பேசாமல்தான் நின்றது. இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்.

"சட்டயக் குடுத்துட்டேன், தொப்பியக் குடுத்துட்டேன். நடைய யாருகிட்ட குடுக்கறது? என் நடையப் பாத்துருச்சு."

வண்டி கிளம்பியதும் ரீம் வாரை அறுத்துக்கொண்டு ஓடிவந்தது. வண்டி வேகம் எடுக்க எடுக்க அதுவும் வேகம் எடுத்தது. கண்ணாடியில் இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தானாக நின்றுவிடும் என்று நினைத்தார். பெரிய ரோடு வந்தது. ரீமின் கண் இந்த வண்டியின் மேலேயே இருந்ததால் குறுக்கே வந்த லாரியை அது பார்க்கவில்லை. டிரைவர் விமானத்துக்கு நேரமாகிவிட்டது, நிறுத்த மாட்டேன் என்றான். இவர் கத்தி நிறுத்தி இறங்கிவிட்டார்.

"செத்துப்போச்சா?" என்று கேட்டேன்.

அப்படிக் கேட்டபோது எனக்குள் ஒரு ஆசை இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்ற ஆசை. வாயில்லா ஜீவனுக்கு அப்படி நினைத்தேனே என்று இன்றைக்கும் மனசு கூசுகிறது.

"இல்ல. இடது பின்னங்கால் ஒடஞ்சு போச்சு. கட்டுப் போட்டுருக்கு. இப்ப பெங்காலி கையில சுத்தமா வாங்க மாட்டேங்குது. அரபி பாஸ்போர்ட்டத் திருப்பி வாங்கிட்டான். அடிக்கல, திட்டல. அதக் கட்டிப் பிடிச்சு அழுதான். கால் கூடுனதும் போன்னு சொன்னான்."

"நீங்க இறங்காம வந்துருக்கலாமே."

 "வந்துருக்கலாம்," என்றார். "ஆனா அது என்னத் தேடித்தானே வந்துச்சு."

நான் என்ன செய்வேன்? ஒரு மனுஷியோடு போய்விட்டார் என்றால் ஊரைக் கூட்டிச் சண்டை போடலாம். அரபி கொடுமைக்காரன் என்றால் சபிக்கலாம். இதில் யாரைப் பிடித்து நான் சண்டை போடுவது? போனை வைத்துவிட்டுத் திரும்பினால் தஹ்மீனா நின்றுகொண்டிருந்தாள். கை இரண்டிலும் மருதாணி, இன்னும் காயவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அத்தா போறப்ப நான் தவழ்ந்துக்கிட்டு இருந்தேன். அதுக்கு ஓடத் தெரிஞ்சுருக்கு," என்றாள்.

நிக்காஹ் குறித்த நாளில் நடந்தது. மாப்பிள்ளையே தன் கடையிலிருந்து சத்தமாகப் பேசும் போன் ஒன்றைக் கொண்டுவந்து, நிக்காஹ் ஓதிவைக்கிற ஹஜ்ரத்துக்கு முன்னால் வைத்தார். ஹஜ்ரத் கேட்டார், அந்தப் பக்கத்திலிருந்து இவர், 'சைபுல்லாவை என் வக்கீலாக வைக்கிறேன்' என்று சொன்னார். குரல் தெளிவாகத்தான் இருந்தது. சைபுல்லா மாப்பிள்ளையின் கையைப் பிடித்தான். பெண்கள் பக்கத்தில் தஹ்மீனா தலையைக் குனிந்து தன் மருதாணிக் கையை மடியில் வைத்து இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். ஓதி முடித்து எல்லோரும் பேரீச்சம்பழம் எடுத்தார்கள். நான் என் பங்கை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மறுவீடு முடிந்து மகளை அனுப்பிவிட்டு நான் நாகூர் பஸ் ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை. தகடு விற்கிற கடையில் கால் வேண்டும் என்று கேட்டேன்.

"வலது காலா, இடது காலாம்மா?" என்றார் கடைக்காரர்.

"பின்னங்கால்," என்று வாயில் வந்துவிட்டது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மாட்டுக்காம்மா?"

"ஆமா," என்றேன்.

"மாடு முழுசாத்தான் இருக்கு. கால் தனியா வராது."

ஒரு மனுஷக் காலையே வாங்கிக்கொண்டேன், இடது கால். பெண்பிள்ளைக் கால், கொலுசுகூட வரைந்திருந்தது. பின்த்தானே, இருக்கட்டும் என்று நினைத்தேன்.

தர்காவுக்குள் போய் நின்றேன். நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவுகிற கூட்டத்தில் பிறந்தவள், இந்தத் தடவை தெரிந்தே நிற்கிறேன். ரீம் கால் கூட வேண்டும் என்று கேட்க வாயைத் திறந்தேன். கால் கூடினால்தான் அரபி பாஸ்போர்ட்டைக் கொடுப்பான். அப்போதுதான் இன்னொன்று மனசில் பட்டது. கால் கூடிவிட்டால் இவர் மறுபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு நடப்பார். அது மறுபடி அந்த நடையைப் பார்க்கும், பின்னாலேயே ஓடும். எந்தப் பக்கம் கேட்டாலும் என் வீட்டு வாசலில் அவர் வந்து நிற்பதாக இல்லை. கையை ஏந்தியபடி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பின்னால் நின்ற ஒரு அம்மா, கொஞ்சம் நகருங்க என்று தோளைத் தொட்டாள்.

ஓட்டம்தான் அதுக்கு உசுரு என்று மலர்க்கொடி சொன்னது நினைவில் இருந்தது. இருந்தும் கேட்டேன்.

"அதோட கால் கூடட்டும் எஜமானே. நடக்கற அளவுக்குக் கூடுனாப் போதும். ஓடற அளவுக்கு வேணாம்."

கேட்டுவிட்டுக் கொலுசுக் காலை உண்டியலில் போட்டேன்.